வாசனை மெஷினுக்கு ஊற்றிய தண்ணீர்

நான் யோசிக்காமல் சொன்ன ஒரு பதில் உன் மூச்சில் எவ்வளவைக் குறைத்தது? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை. இருபத்து நாலு வருடமாகப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள் இப்படி ஒரு கேள்வியோடு உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பாலக்கோட்டில் உன் வீட்டுக்குப் போய்விட்டு நாலரை மணி பஸ்ஸில் தருமபுரிக்குத் திரும்பினேன். வந்ததும் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். விரலில் எலுமிச்சைப்புல் எண்ணெய் வாசனை இன்னும் இருக்கிறது. அது உன் அறையின் வாசனை. நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

உன் பேத்தியைப் பார்க்கத்தான் போனேன். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் ஒரு நிமிடம் பார்த்ததோடு சரி. இப்போது இரண்டு மாதம் முடிந்திருக்கிறது. பெங்களூரில் மாப்பிள்ளை தனியாக இருக்க, யாழினி பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள். நீ இல்லாத வீடு என்றாலும் அவளுக்கு அதுதான் தாய்வீடு. குழந்தையைக் குளிப்பாட்ட உன் அக்கா தினமும் காலையில் வந்துபோகிறாராம்.

"வாங்க ஆன்ட்டி, இப்பத்தான் தூங்குனா. சத்தம் போடாம வாங்க" என்று என் கையைப் பிடித்து உன் அறைக்குள் கூட்டிப்போனாள். ஜன்னல் சாத்தியிருந்தது. கட்டிலின் தலைமாட்டு மேஜையில், நீ வைத்த அதே இடத்தில், அந்த வாசனை மெஷின். டிஃப்யூசர் என்று அவள் சொல்வாள், நீ கடைசிவரை மெஷின் என்றுதான் சொன்னாய். நீல விளக்கு எரிய, வாய் வழியே வெள்ளையாகப் புகை போல வந்துகொண்டிருந்தது.

"உள்ள வந்ததுமே அம்மா வாசனை வருதுல்ல ஆன்ட்டி?"

வந்தது. வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். நீ கட்டிலில் சாய்ந்துகொண்டு "வா வா, கதவச் சாத்து, வாசனை போயிரும்" என்று சொல்வது போலவே இருந்தது. நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

"ராத்திரியெல்லாம் ஓடுதா?"

"ராத்திரி பகல் எல்லாமே. மூக்கு அடைச்சுக்கிட்டு கொர்கொர்னு இழுக்கறா ஆன்ட்டி. அதனால ரெண்டு சொட்டு நீலகிரித் தைலமும் சேத்து விடறேன். அம்மா அப்படித்தான விடுவாங்க."

குனிந்து குழந்தையைப் பார்த்தேன். உன் மூக்கு. இடது கன்னத்தில் உன் அக்கா காலையில் வைத்த திருஷ்டிப் பொட்டு, பத்துப் பைசா அளவுக்கு. மைப் பொட்டு கறுப்பாக மினுங்க வேண்டும். இது சாம்பல் பூத்திருந்தது. யாரோ அதன்மேல் சுண்ணாம்பைச் சலித்துத் தூவியது போல.

விரலால் லேசாகத் தொட்டேன். நுனியில் வெள்ளை ஒட்டியது.

"பாப்பாவுக்குப் பவுடர் போட்டியா?"

"இல்லீங்க ஆன்ட்டி. டாக்டர் பவுடரே வேணாம்னுட்டாரு. அது அந்தச் சுவத்துல இருந்து உதிர்றது. நானும் தெனம் ஈரத்துணி போட்டுத் தொடைக்கறேன், சாயங்காலம் பாத்தா மறுபடியும் வந்துருது. அம்மா இருக்கும்போதே இருந்துச்சே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். மேஜையில் உன் மூக்குக் கண்ணாடிக் கூடு இருந்தது, கறுப்பு ரெக்சின் போட்டது. நீ வைத்தபடியே வைத்திருக்கிறாள். அதன்மேலும் வெள்ளை. பீரோவின் கண்ணாடியில் வெள்ளை. குழந்தையின் கன்னத்தைத் திரும்பப் பார்த்தேன். அந்தப் பொட்டில் படிந்தது மூக்குக்குள் போகாமல் எங்கே போயிருக்கும் என்று நினைத்தேன்.

போன தீபாவளிக்கு முன்னால் இதே அறையில் நீயும் நானும் பெயிண்டர் குப்புசாமியை நிற்கவைத்துக் கேட்டது உனக்கு நினைவிருக்கும்.

"என்னப்பா இது, ரெண்டு வருசம்கூட ஆகல, சுவரு மாவா உதிருது?"

"சுவரு உதிரலீங்க டீச்சர். நீங்களே கைய வெச்சுப் பாருங்க, ஒட்டுதா பாருங்க."

"ஒட்டாம எங்கிருந்து வருது, ஆகாசத்துல இருந்தா?"

நான் உனக்கு மேலே ஒருபடி போய், டிஸ்டம்பரில் சுண்ணாம்பைக் கலந்து அடித்திருப்பான் என்று சொன்னேன். கெமிஸ்ட்ரி டீச்சரே சொன்ன பிறகு அவன் என்ன பேசுவான். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்ப ஒரு முறை அடித்துக்கொடுத்துவிட்டுப் போனான். ஒரே வாரத்தில் மறுபடியும் வெள்ளை. "இவனுக்குக் கையே சரியில்ல, கெமிஸ்ட்ரி" என்றாய். ஆமாம் என்றேன். அவன் சொன்னபடி நாம் இருவரில் ஒருத்தியாவது சுவரில் கையை வைத்துப் பார்த்தோமா?

ஸ்டாஃப் ரூமில் நமக்குப் பெயர் இருந்ததில்லை. நான் கெமிஸ்ட்ரி, நீ ஹிஸ்டரி. பிள்ளைகள்கூட முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள். நீ ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதமாட்டாய். உன் சமையல் நோட்டில் ரசப்பொடி அளவுக்குக் கீழே 'ஆதாரம்: நாத்தனார்' என்று இருக்கும். வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் பற்றி எழுதி 'ஆதாரம்: பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பெண்மணி, உறுதி இல்லை' என்று போட்டிருந்தாய். நான் சிரித்தால், "சிரி. நாளைக்குத் தப்பாப் போச்சுன்னா யாரப் போய்க் கேக்கறதுன்னு எனக்குத் தெரியும்" என்பாய்.

அந்த மெஷினை யாழினி முதல் சம்பளத்தில் வாங்கி மூன்று குட்டிப் பாட்டில்களோடு அனுப்பியிருந்தாள். உனக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. கோடையில் ஏசி போட்டால் தொண்டை காய்ந்து இருமல், ஜன்னலைத் திறந்தால் தக்காளி நாற்றம். விலை விழுந்த நாட்களில் மண்டிக்கு வந்த தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள், இரண்டு நாளில் உன் தெருவே புளித்துப்போகும். காற்று ஈரமாகவும் இருக்கும், வாசனையாகவும் இருக்கும் என்று எழுதியிருப்பதாகச் சொல்லிச் சந்தோஷப்பட்டாய்.

நான் அதையும் கெடுக்கப் பார்த்தேன். வாசனை சளியைக் கரைக்காது, இதெல்லாம் விற்பதற்காகச் சொல்வது என்றேன்.

"கரைக்கவே வேணாம் தாயி. மூக்குக்கு நல்லதா நாலு வாசனை வந்தா உனக்கு என்ன எரியுது? நீ லேபுல மோந்து மோந்து மூக்கே செத்துப்போனவ."

குப்புசாமியை நிற்கவைத்ததற்கு முந்தைய டிசம்பரில் ஒரு நாள் கேட்டாய். நான் அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"ஏ கெமிஸ்ட்ரி, ஒரு டவுட்டு. அந்த மெஷினுக்கு எந்தத் தண்ணி ஊத்தறது? பெட்டியில வந்த பேப்பர்ல பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கான், கண்ணுக்கே தெரியல. குடிக்கற தண்ணியா, உப்புத் தண்ணியா?"

நம் பக்கத்து வீடுகளில் எல்லாம் தண்ணீர் இரண்டுதான். ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருகிற அன்று பிடித்துக் குடத்தில் மூடி வைப்பது, குடிக்க, சமைக்க. மற்ற எல்லாவற்றுக்கும் போரில் வருகிற உப்புத் தண்ணீர், போர் தண்ணீர். குடிக்கிற தண்ணீரில் கால் கழுவினால்கூட வீட்டில் ஒரு சத்தம் வரும்.

"எதுவா இருந்தா என்ன?" என்றேன், தலையைத் தூக்காமல். "உப்பெல்லாம் அடியில தங்கிரும். ஆவியா மேல வர்றது சுத்தமான தண்ணிதான். காய்ச்சி வடிக்கறது நீ எட்டாவதுல படிக்கலயா?"

"படிச்சேன் படிச்சேன். நல்லவேளை. ஒகேனக்கல் தண்ணிய மெஷினுக்கு ஊத்துனா எங்க வூட்டுக்காரரு என்னைய வூட்ட வுட்டே தொரத்திருவாரு."

எழுந்து போனவள் கதவருகே நின்று திரும்பினாய்.

"ஆனா கெமிஸ்ட்ரி, மேல கைய வெச்சா சூடே இல்லையே. அது எப்படி ஆவி?"

அந்தக் கேள்விக்கு நான் தாளைக் கீழே வைத்திருக்க வேண்டும். "ஈரத்துணி சூடு பண்ணியா காயுது? போ, பெல் அடிச்சாச்சு" என்றேன்.

அந்த மெஷின் தண்ணீரைக் காய்ச்சுவது இல்லை. அடியில் ஒரு சின்னத் தகடு அதிர்ந்து தண்ணீரைப் பொடிப்பொடியாக உடைத்து வெளியே தள்ளுகிறது. புகை போல வருவது ஆவி அல்ல, தண்ணீரேதான், அதில் கரைந்திருக்கிற அத்தனையோடும். துளி காற்றில் காய்ந்துவிடும். உப்பு எங்கும் போகாது, தூளாகப் பறக்கும். இரண்டே நிமிடம் யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். வருடா வருடம் ஆடி மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை அவரவர் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி அதன் கடினத்தன்மையை அளக்கவைக்கிறவள் நான். உன் தெருத் தண்ணீர் எவ்வளவு மோசம் என்று எனக்கு எண்ணாகவே தெரியும்.

எண்ணுக்குக்கூடப் போக வேண்டாம். உன் முன்பல் இரண்டிலும் பழுப்புக் கோடு இருந்தது. சின்ன வயதில் குடித்த ஃப்ளோரைடு தண்ணீர் போட்ட கோடு. நீ சிரிக்கும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாய். அந்தத் தண்ணீர் உனக்கு என்ன செய்தது என்று பதினெட்டு வருடம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதையே ராத்திரி முழுக்க மூச்சில் இழு என்று சொல்லியிருக்கிறேன். நான் எண்ணெயைத்தான் சந்தேகப்பட்டேன். தண்ணீரைப் பற்றி ஒரு நொடியும் நினைக்கவில்லை.

இதெல்லாம் இன்று மத்தியானம், குழந்தையின் தலைமாட்டில் நின்றபோது, ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்தேன். கையில் ஒன்றுமே ஒட்டவில்லை. மெஷினை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஏன் ஆன்ட்டி?"

"கழுவித் தர்றேன்" என்றேன். சமையலறைக்கு எடுத்துப் போனேன்.

உள்ளே அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது, வெந்நீர் அண்டாவில் கட்டுவது போல. கத்தி முனையால் சுரண்டித் தட்டில் வைத்து, பாதி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். பொங்கியது. சின்னச் சின்ன நுரையாக, சத்தம்கூடக் கேட்டது. தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு உப்பேதான். ஆயிரம் முறை பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். இன்று தட்டைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

தண்ணீரை வடிக்க மெஷினைக் கவிழ்த்தபோது அடியில் ஒரு சீட்டு, மேலே செல்லோடேப் ஒட்டி. உன் கையெழுத்து.

'போர் தண்ணீர் போதும். ஆவி சுத்தம். ஆதாரம்: கெமிஸ்ட்ரி.'

உறுதி இல்லை என்று நீ போடவில்லை.

யாழினி பின்னால் வந்து நின்றாள். "அத இப்பத்தான் பாக்கறீங்களா? அதனாலதான் ஆன்ட்டி நானும் போர் தண்ணி ஊத்தறேன். மாமியார் வூட்டுல கேன் தண்ணி ஊத்துன்னாங்க. எங்கம்மா எழுதி வெச்சிருக்காங்கன்னு சொல்லிட்டேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். "இன்னிக்கு ராத்திரி போடாத. மூணு மாசம்கூட ஆகாத குழந்த, தைல வாசனையும் ஆகாது. நாளைக்கு வந்து சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "அது ஓடலன்னா ரூமே காலியா இருக்குங்க ஆன்ட்டி" என்றாள். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஓடினேன் என்றும் சொல்லலாம்.

உன்னைத் தை மாதக் குளிரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஏற்கெனவே இளைத்த நுரையீரல், அதில் சளி கட்டித் தொற்று என்றார் டாக்டர். வீட்டில் என்ன செய்வீர்கள், என்ன புகை என்று அவர் கேட்டபோது, அடுப்பு கேஸ், கொசுவர்த்தி கிடையாது, சாம்பிராணி கிடையாது என்று பக்கத்தில் நின்று வரிசையாகச் சொன்னவள் நான்தான். மெஷின் என் நினைவிலேயே இல்லை. மூன்றாம் நாள் உனக்கு மூச்சு கொஞ்சம் தெளிந்தது. எழுந்து உட்கார்ந்து, "வாசனை இல்லாம தூக்கமே வரல கெமிஸ்ட்ரி" என்றாய். நான்காம் நாள் இரவு திரும்ப மோசமானது. ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டாய்.

அந்த மூன்றாம் நாள் தெளிவு மருந்தால் வந்ததா, அந்த அறையை விட்டு வெளியே வந்ததால் வந்ததா? அந்த மெஷின் இல்லாவிட்டாலும் அந்தக் குளிர் உன்னைக் கொண்டுபோயிருக்குமா? இருக்கலாம். இதை யார் மேலாவது சுமத்தியிருந்தால், ஆதாரம் போதாது என்று முதலில் சொல்கிறவள் நானாகத்தான் இருப்பேன். என் விஷயத்தில் அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியவில்லை.

எனக்குப் போக ஒரே வீடு உன் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டீர்களா டீச்சர் என்று கேட்க உன் வீட்டுக்காரர் ஒருவர்தான் மிச்சம். நாளைக்கு உண்மையைச் சொன்னால் அந்தக் கதவு எனக்குத் திறந்திருக்குமா தெரியவில்லை. சொல்லாமல் விட்டால், இந்த வாரமோ அடுத்த வாரமோ, குழந்தை அழுகிற ஒரு ராத்திரியில் அவள் அந்த மெஷினைத் திரும்பப் போடுவாள். அம்மாவின் கையெழுத்தே இருக்கும்போது நான் மழுப்பிச் சொன்னது எத்தனை நாள் நிற்கும்? உனக்குத் தலையைத் தூக்காமல் பதில் சொன்னேன். உன் பேத்திக்கும் அப்படிச் செய்ய முடியாது. முதல் பஸ்ஸில் போகிறேன்.

இன்று திங்கட்கிழமை. நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

லீவு சொல்லிவிட்டு ஏழு மணிக்கு உன் வீட்டில் இருந்தேன். உன் வீட்டுக்காரர் குழாயடியில் குடம் வைத்துக்கொண்டிருந்தார். "என்னங்க டீச்சர், ஸ்கூலு இல்லீங்களா?" என்றார். யாழினி கண் சிவந்து வந்தாள். "போடல ஆன்ட்டி. பாப்பா தூங்குனா, நாந்தான் தூங்கல."

என் கறுப்புக் குடையைப் பின்கட்டில் விரித்து வைத்தேன். மெஷினில் போர் தண்ணீர் ஊற்றி, எண்ணெய் விடாமல், குடைக்குப் பக்கத்தில் ஓடவிட்டேன். முக்கால் மணி நேரம் மூவரும் நின்றோம். குடைத் துணியில் வெள்ளையாகப் படிந்தது. யாழினி விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். உன் கேள்வியிலிருந்து என் பதில் வரை, நான் தாளைத் திருத்திக்கொண்டே சொன்னது வரை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை குடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அம்மாவுக்கு?"

"தெரியல, யாழினி."

அவள் குழந்தையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உன் வீட்டுக்காரர் பக்கெட்டில் குடிக்கிற தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வந்து உன் அறையைத் துடைக்க ஆரம்பித்தார். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டேன். பீரோவைத் துடைக்கும்போது சட்டென்று நிமிர்ந்தார். "அப்ப அந்தக் குப்புசாமி?" என்றவர், அவனுக்கு ஃபோன் போட்டார். "ஏப்பா, அந்தச் சுவத்துல ஒன்னும் தப்பில்லப்பா, எங்க மேலதான்." மறுமுனையில் குரல் பெரிதாகக் கேட்டது: "நான் அன்னிக்கே சொன்னனுங்களே! அந்த டீச்சரம்மாகிட்டயும் சொல்லுங்க!" அவர் என்னைப் பார்த்தார். "பக்கத்துலதான் இருக்காங்க, கேட்டுருச்சு" என்றார்.

பதினோரு மணிக்குக் குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோனோம். நான் பின்சீட்டில் மெஷினோடு உட்கார்ந்திருந்தேன். நெஞ்சில் சளி இல்லை, மூக்கு மட்டும்தான், மெஷினும் வேண்டாம் தைலமும் வேண்டாம், ஒரு வாரம் கழித்துக் காட்டுங்கள் என்றார்.

நான் கிளம்பி வாசலுக்கு வந்தபோது பின்னாலேயே வந்தாள். கையில் மெஷின், ஒரு பேனா. கவிழ்த்து என்னிடம் நீட்டினாள். உன் சீட்டுக்குக் கீழே புதிதாக ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தாள்.

"அம்மா எழுதுனத நான் கிழிக்க மாட்டேன். கீழ நீங்களே எழுதுங்க."

'தவறு. இது ஆவி அல்ல. போர் தண்ணீர் ஊற்றக் கூடாது. குழந்தை இருக்கும் அறையில் போடவே கூடாது' என்று எழுதினேன். வாங்கிப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"ஆதாரம் போடல."

'ஆதாரம்: ஹிஸ்டரி. மேலே கையை வைத்தால் சூடே இல்லையே என்று கேட்டது' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதை வாசித்துக்கொண்டே நின்றாள். எப்போதும் சொல்கிற போய்ட்டு வாங்க ஆன்ட்டியை இன்று சொல்லவில்லை. நான் தெருமுனை திரும்பும்வரை கதவைச் சாத்தவும் இல்லை.